கழற்றினால்தான் உள்ளே

அத்தியாயம் 14

தாய்னாராவின் தாடையில் போட்டிருந்த தையலை வியாழக்கிழமை பிரித்தார்கள். சனிக்கிழமை காலை காபி கொதிப்பதற்குள் அவள் அம்மா லுசினெய்டி முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்காமல் வீடு திரும்புவதில்லை.

தாய்னாரா நெடுஞ்சாலைத் திருப்பத்தில் மணலில் பைக் சறுக்கி விழுந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். பிழைத்துக்கொண்டாள். உச்சந்தலையை மட்டும் மூடுகிற, ஊரே 'தேங்காய் மூடி' என்று கேலி செய்கிற அரை ஹெல்மெட்டைப் போட்டிருந்தாள். உச்சந்தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாடைதான் தார்ச்சாலையில் போய் இடித்தது. தேங்காய் மூடிக்குத் தாடையைப் பற்றி என்ன கவலை?

"இன்னும் ரெண்டு விரக்கடை மேல பட்டிருந்தா முன் பல்லு மொத்தமும் போயிருக்கும். அப்புறம் ஆஸ்பத்திரியில நோயாளி உன்னைப் பாத்து பயந்து ஓடியிருப்பான்," என்றான் வால்டெமீர், ரொட்டியைக் காபியில் முக்கிக்கொண்டே. தாய்னாராவின் சித்தப்பா. ஆரஞ்சு நிற மேல்சட்டை மாட்டிக்கொண்டு பைக் டாக்ஸி ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அண்ணி வீட்டுக் காபியில்தான் அவன் வண்டி ஓடும்.

"வாயைக் கழுவு," என்றாள் லுசினெய்டி. "திங்கக்கிழமை புள்ள முதல் முதலா வேலைக்குப் போகப்போறா. நல்ல வார்த்தை வராதா உனக்கு?"

தாய்னாராவுக்கு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனால் காலை ஷிஃப்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அப்பாவின் பழைய பைக்தான் வழி. அந்த பைக்கைப் பார்க்கும்போதெல்லாம் லுசினெய்டி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்குக் காரணம் இருக்கிறது.

அவர்கள் குடியிருக்கும் லகோவா செக்கா பேட்டைக்குள் நுழைகிற இடத்தில், மூடிக்கிடக்கும் ஐஸ் ஃபேக்டரியின் நீண்ட சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருக்கிறது: 'ஹெல்மெட்டைக் கழற்று. முகத்தைக் காட்டு. இல்லாவிட்டால் குண்டு.' எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கும்பல் முகம் மூடிய ஹெல்மெட்டோடு வந்து இந்தப் பக்கத்துப் பையன்களைச் சுட்டுவிட்டுப் போன நாளிலிருந்து இங்கே இதுதான் சட்டம். ஹெல்மெட் போடு என்கிறது அரசாங்கம், கழற்று என்கிறது சுவர். அரசாங்கத்துக்கு அபராதம் கட்டிவிட்டுத் தப்பிக்கலாம். சுவரோடு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அதனால் பேட்டைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. நெடுஞ்சாலைத் திருப்பம் வரும்போதே ஒரு கையால் தாடைப் பட்டையை அவிழ்த்துவிடுவார்கள். சுவர் வந்ததும் ஓடுகிற வண்டியிலேயே ஹெல்மெட்டைத் தூக்கி முழங்கையில் மாட்டிக்கொள்ளலாம், நிற்க வேண்டியதில்லை. லுசினெய்டியின் கணவன் எரிவால்டு மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் பட்டையை அவிழ்த்துவிட்டு வந்தான். திருப்பத்தில் பஸ் உரசியது. ஹெல்மெட் ஒரு பக்கம் உருண்டது, அவன் ஒரு பக்கம். "பாருங்கம்மா, ஹெல்மெட்ல ஒரு கீறல்கூட இல்ல," என்று போலீஸ்காரர் அதை அவள் கையில் கொடுத்தார். பாவம், அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

"அண்ணி, கடையில போய் எது நல்ல ஹெல்மெட்டுன்னு கேக்காதீங்க, எங்க நல்லதுன்னு கேளுங்க," என்றான் வால்டெமீர். "ரோட்டுக்கு ஒண்ணு, சுவருக்கு ஒண்ணுன்னு ஆகிப்போச்சு. ரெண்டுக்கும் ஆகணும்னா, முன்பக்கத்தை அப்படியே மேல தூக்குற மாதிரி வருதே, அதை வாங்குங்க. பட்டனை அமுக்கினா மூஞ்சி தெரியும்."

"அதுல கீல் இருக்கு. கீல் வெச்ச கதவு சுவராகுமா?"

"கீல் வெச்ச கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தானே அண்ணி தினமும் தூங்கறீங்க?"

தாய்னாரா சிரித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டாள். "அது இப்ப செல்லாது சித்தப்பா. பாதி மூஞ்சி காட்டினான்னு பேக்கரிக்காரர் மகனை அடிச்சாங்களே, மறந்துட்டீங்களா? முழுசா கழட்டணுமாம்."

வால்டெமீர் மீதி ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு, பின்னால் உட்காருகிறவர்களுக்காக அவன் வைத்திருக்கும் முகம் திறந்த ஹெல்மெட்டை அண்ணிக்கு இரவல் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

*

லுசினெய்டி வீட்டு முன்னறையில் முடி வெட்டுகிறாள், சுருட்டை முடியை நீட்டிவிடுகிறாள், கல்யாணத்துக்குக் கொண்டை போடுகிறாள். பேட்டையில் பாதித் தலைகள் அவள் கைக்குள் வந்துபோனவை. எந்தத் தலை உருண்டை, எது முன்னும் பின்னும் நீளம், எதற்குப் பின்மண்டை சப்பை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் ஹெல்மெட் கடைக்குள் கால் வைத்ததும் அவளுக்கே தலை சுற்றியது. கூரை வரைக்கும் அடுக்கு அடுக்காகத் தலைகள், ஒன்றுக்கும் முகம் இல்லை.

"வாங்கக்கா, வா கண்ணு!" என்றாள் விற்பனைக்காரி ஜொசெல்மா. வாயும் கையும் ஒரே வேகம். "பொண்ணுக்கா? இந்த ரோஸ் கலர் பாருங்க. பட்டாம்பூச்சி போட்டது. இந்த வாரம் மட்டும் எத்தனை போச்சு தெரியுமா!"

"பட்டாம்பூச்சி லாரிக்காரனுக்குத் தெரியுமா?" என்றாள் லுசினெய்டி.

"என்னக்கா?"

"தூரத்துல வர்ற லாரிக்காரன் கண்ணுக்கு எந்தக் கலர் தெரியும்னு கேக்கறேன்."

ஜொசெல்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு பட்டாம்பூச்சியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். வந்திருக்கிறவள் வேறு மாதிரி என்று புரிந்துவிட்டது. அளவு நாடாவை எடுத்து, தாய்னாராவின் புருவத்துக்கு மேலே நெற்றியைச் சுற்றி, பின்மண்டை புடைத்திருக்கிற இடம் வழியாகக் கொண்டுவந்து பிடித்தாள். ஐம்பத்தெட்டு.

முதலில் போட்ட ஹெல்மெட்டுக்குள் தலை சுலபமாக நுழைந்தது. தாய்னாராவுக்குப் பிடித்துப்போனது. "ஜம்முனு இருக்கும்மா, காத்து வருது."

"தலையை ஆட்டு."

ஆட்டினாள். தலை ஒரு பக்கம் போனது, ஹெல்மெட் கொஞ்சம் யோசித்துவிட்டு அப்புறம் போனது. லுசினெய்டி அதைக் கழற்றி வைத்துவிட்டாள். தேய்ந்த செருப்பும் காலுக்கு ஜம்மென்றுதான் இருக்கும்.

இரண்டாவது கன்னத்தை நன்றாகப் பிடித்தது. வாய் குவிந்து மீன் மாதிரி ஆனது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தாய்னாரா நெற்றியைத் தேய்த்தாள். நடு நெற்றியில் ஒரே இடத்தில் குத்துகிறதாம்.

"போடப் போடச் சரியாகிடும் கண்ணு," என்றாள் ஜொசெல்மா.

"கன்னத்துப் பஞ்சு அமுங்கும், ஒத்துக்கறேன். நெத்தி எங்க அமுங்கும்?" என்றாள் லுசினெய்டி. "இவ தலை முன்னும் பின்னும் நீளம், அவங்க அப்பா மாதிரி. உருண்டைத் தலைக்குச் செஞ்சது இவளுக்கு ஒத்துவராது. வலிக்க ஆரம்பிச்சா பத்தே நாள்ல அதைக் கையில மாட்டிக்கிட்டுத் திரிவா. நீளமா இருக்கறதைக் காட்டுங்க."

மூன்றாவதாக வந்தது வெள்ளை. முகம் முழுக்க மூடுகிற வகை, தாடைக்கு முன்னால் தடித்த வளைவு. பின்னால் தரச்சான்று முத்திரை ஒட்டியிருந்தது. அந்த வடிவத்தில் கடையில் அது ஒன்றுதான் இருந்தது. தாய்னாரா முடியைக் கழுத்தோடு தாழக் கட்டிக்கொண்டு, பட்டைகள் இரண்டையும் பிடித்து இழுத்து, காது மடங்காமல் உள்ளே நுழைந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் பார்க்கச் சொன்னாள் லுசினெய்டி, கண்ணாடி விளிம்பு மறைக்கவில்லை. வாய்க்கு முன்னே இருந்த காற்றுத் துளையின் மூடியைத் தள்ளித் திறந்தால் காற்று வந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் கனமும் அதிகமில்லை.

"இதைப் போட்டுக்கிட்டு அந்த ஸ்டூல்ல உக்காரு. நான் போய்க் கரும்புச்சாறு குடிச்சிட்டு வர்றேன்."

"அம்மா!"

"பசிச்சா ஒரு பாஸ்தெல் வாங்கிட்டு வர்றேன். ஆனா வெளியில வந்து தின்னக்கூடாது."

இறைச்சி அடைத்துப் பொரித்த பாஸ்தெல் ஒன்றைத் தின்று, ஒரு டம்ளர் சாறும் குடித்து, இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு லுசினெய்டி நிதானமாகத் திரும்பி வந்தபோது, மகள் கடைக்காரியிடம் யாரோ ஒரு பையனைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். தலையில் ஹெல்மெட் இருப்பதையே மறந்திருந்தாள். கழற்றிப் பார்த்தால் நெற்றியில் சிவந்த வடு எதுவும் இல்லை. இதுதான் என்று லுசினெய்டிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மறுபடி போடச் சொல்லி, பட்டையைக் கட்டி, பின்னாலிருந்து ஹெல்மெட்டின் அடிவிளிம்பைப் பிடித்து முன்பக்கமாக உருட்டி இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள்.

"அக்கா, பொண்ணு தலையே வந்துடும்போல இருக்கு!" என்று ஜொசெல்மா ஓடிவந்தாள்.

"தலை வரட்டும். ஹெல்மெட் வரக்கூடாது," என்றாள் லுசினெய்டி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சிலுவை போட்டுக்கொண்டாள்.

பட்டை விஷயத்தில்தான் அம்மாவுக்கும் மகளுக்கும் முட்டிக்கொண்டது. அதே ஹெல்மெட்டுக்கு இரண்டு விதமான பட்டை மாட்டித் தர முடியும் என்றாள் ஜொசெல்மா. ஒன்று, டக்கென்று கிளிப் போட்டு, டக்கென்று விரலால் தட்டிவிடுகிற வகை. இன்னொன்று, இரண்டு வளையத்துக்குள் பட்டையை நுழைத்து மடக்கி இழுக்கிற வகை. இழுக்க இழுக்க இறுகும், தானாக அவிழாது.

"கிளிப் போதும்மா. வளையத்தை அவிழ்க்கறதுக்குள்ள சுவர்கிட்ட பொழுது விடிஞ்சிடும்."

"கிளிப்பை ஓட்டிக்கிட்டே அவிழ்க்கலாம். உங்க அப்பா அவிழ்த்த மாதிரி."

தாய்னாரா கிளிப் பட்டையைத் தள்ளிவைத்தாள்.

"இதை ஒரு கையால அவிழ்க்க முடியாது. அதுக்காகத்தான் எனக்கு இது வேணும்," என்றாள் லுசினெய்டி. "சத்தியம் பண்ணு. சுவருக்கு முன்னாடி வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, அப்புறம்தான் பட்டையில கை வெக்கணும்."

"சரிம்மா."

"சத்தியம்னு சொல்லு."

"சத்தியம்மா. பாஸ்தெலைக் குடு, ஆறிப்போகுது."

*

சொன்ன சொல்லைத் தாய்னாரா காப்பாற்றினாள். வினை அங்கேதான் வந்தது.

அவர்கள் வீடு திரும்பும்போது வெயில் சரிய ஆரம்பித்திருந்தது. நெடுஞ்சாலைத் திருப்பத்தில் அவள் பட்டையில் கை வைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த லுசினெய்டி அந்த இடத்தைக் கண்ணைத் திறந்துகொண்டே கடந்தாள், மூன்று வருடத்தில் முதல் தடவையாக. வளையம் இரண்டும் மகளின் தாடைக்கடியில் இறுகிக் கிடந்தன. வெள்ளை ஹெல்மெட் வெயிலில் பளிச்சென்று இருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

ஐஸ் ஃபேக்டரிச் சுவர் தொடங்குகிற இடத்தில் தாய்னாரா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். காலை ஊன்றினாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சுவருக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. தலையைத் திறந்துகொண்டு ஓட்டிப் போய்விடுவார்கள். முகம் தெரியாத ஒரு புது ஹெல்மெட், பின்னால் ஓர் ஆள், ஓடுகிற இன்ஜின் என்று அங்கே நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மாவும் மகளும் அதை யோசிக்கவே இல்லை. ரோட்டுக்கு எது நல்லது என்று பார்த்துப் பார்த்து வாங்கியவர்கள், நிற்பது எப்படித் தெரியும் என்பதை மறந்துவிட்டார்கள்.

மேலே எங்கேயோ ஒரு விசில் கேட்டது.

"சீக்கிரம்டி," என்றாள் லுசினெய்டி, தன் ஹெல்மெட்டைப் பிடுங்கித் தரையில் போட்டுக்கொண்டே.

"வரலம்மா. வேற பக்கம் இழுத்துட்டேன் போல."

சந்துக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனைக்கூட லுசினெய்டிக்குத் தெரியவில்லை. ஒருவன் கையில் துப்பாக்கி இருந்தது, அதை அவன் மறைக்கவில்லை.

"கழட்டுடா!"

"பொண்ணுப்பா! என் பொண்ணு!" லுசினெய்டி வண்டியிலிருந்து இறங்கி இரண்டு கையையும் தூக்கினாள். "இந்தப் பேட்டைதான். முடி வெட்டற லுசினெய்டி. யாரை வேணா கேளு!"

"கழட்டச் சொல்லு! அவன் கை எங்க போகுது பாரு!"

தாய்னாராவின் கைகள் தாடைக்கடியில் துழாவிக்கொண்டிருந்தன. பார்க்கிறவனுக்கு அவள் சட்டைக்குள் எதையோ தேடுவது மாதிரிதான் இருந்திருக்கும். மூச்சில் கண்ணாடி வெளுத்துப்போய் அவள் கண்ணும் தெரியவில்லை. துப்பாக்கி அந்தக் கண்ணாடிக்கு நேராக வந்து நின்றது.

லுசினெய்டி யோசிக்கவில்லை. இடையில் புகுந்து, துப்பாக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, வளையத்தில் விரலை விட்டாள். எத்தனையோ சிக்குகளை எடுத்த விரல்கள். இன்று அவை கட்டை மாதிரி ஆகிவிட்டன. "கையை எடுடி. எடு. அம்மா பாத்துக்கறேன்." ஒரு வளையத்தைத் தூக்கினாள், பட்டை இளகியது. ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் விரித்து மேலே இழுத்தாள். இறுக்கமான ஹெல்மெட், லேசில் வருமா? காதை உரசிக்கொண்டு, இன்னும் ஆறாத தாடைக் காயத்தைக் கீறிக்கொண்டு வந்தது. தாய்னாரா அலறினாள்.

"பொண்ணுதான்டா," என்றான் ஒருவன், ஏமாந்தவன் மாதிரி.

சிரிப்புச் சத்தம் கேட்டது. சுவரோர நிழலிலிருந்து கிளெய்ட்சன் வந்தான். தாய்னாராவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இப்போது இந்தப் பக்கத்தில் காற்று எந்தத் திசையில் அடிக்க வேண்டும் என்று அவன்தான் சொல்கிறான். அவன் துப்பாக்கிக்காரனின் கையைத் தட்டித் தாழ்த்தினான்.

"அத்தை! நீங்களா? புதுப் பசங்க, தெரியாது. மன்னிச்சுக்கோங்க." குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. தாடையில் ரத்தம் கசியும் தாய்னாராவைப் பார்த்தான். "ஏய், நர்ஸ்! உனக்கே கட்டு தேவைப்படும் போலிருக்கே."

தாய்னாரா புறங்கையால் தாடையைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்குத்தான் இவ்வளவு கலாட்டாவா?" கிளெய்ட்சன் லுசினெய்டியின் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கினான். திருப்பிப் பார்த்தான். உள்ளே கையை விட்டுப் பஞ்சை அழுத்தினான். பிறகு பட்டைகளைப் பிடித்து விரித்துத் தலையில் மாட்டிக்கொண்டான்.

அது அவனுக்குப் பொருந்தும் என்று லுசினெய்டிக்கு முன்பே தெரியும். சின்ன வயதில் அவனுக்கு மொட்டையடித்துவிட்டவள் அவள்தான். முன்னும் பின்னும் நீளமான தலை, அளவும் கிட்டத்தட்ட அதுவே. அவன் கண்ணாடியை இறக்கினான். கிளெய்ட்சன் போய்விட்டான், வெள்ளையாக ஒரு தலை மட்டும் நின்றது.

"நல்லா இருக்கு அத்தை," என்றது உள்ளேயிருந்து வந்த குரல். "தலையைப் பிடிக்குது, ஆனா வலிக்கல. பாத்து வாங்கியிருக்கீங்க." கண்ணாடியைத் தூக்கினான். "பொழுது சாயறவரைக்கும் கடனாக் குடுங்க. நானே வீட்டுக்கு வந்து குடுத்துடறேன்."

கேள்வி மாதிரி சொன்னான். லகோவா செக்காவில் அதற்கு இரண்டு பதில் கிடையாது.

"எடுத்துட்டுப் போப்பா," என்றாள் லுசினெய்டி.

*

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோங்க அண்ணி," என்றான் வால்டெமீர். விஷயம் கேள்விப்பட்டதும் சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான். "திருப்பிக் குடுத்தா குடுக்கட்டும், இல்லன்னா போகட்டும். வேற வாங்கிக்கலாம்."

"எதுக்கு சித்தப்பா கேட்டான்?" தாய்னாரா தாடையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவன்கிட்ட இல்லாத ஹெல்மெட்டா?"

"அவன்கிட்ட இருக்கறதெல்லாம் அந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும்," என்று சொல்ல வாயெடுத்தவன், அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சொல்லாவிட்டாலும் மூன்று பேருக்கும் அது புரிந்துதான் இருந்தது.

முடி வெட்டிக்கொள்ள வந்த இரண்டு பெண்களையும் லுசினெய்டி தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அடுப்பில் காராமணிச் சோறு அடிப்பிடித்தது. வால்டெமீரின் போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. பைக் டாக்ஸிக்காரர்களின் குழுவில் ஒரே பேச்சு. அவன் எழுந்து வாசலுக்குப் போய்க் காதில் வைத்துக் கேட்டான். திரும்பி வந்தபோது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம். ரொட்டிக்கடை வாசல்ல. ரெண்டு பேர்."

"செத்துட்டாங்களா?"

"ஒருத்தன் அங்கயே போயிட்டான். இன்னொருத்தன் ஆஸ்பத்திரியில." அவன் தாய்னாராவைப் பார்க்காமல் பேசினான். "சுட்டவன் மூஞ்சியை யாரும் பாக்கல. வெள்ளை ஹெல்மெட், புதுசு. அவ்வளவுதான் தெரியுமாம். பாலத்து மேல எந்த வெள்ளை ஹெல்மெட்டைப் பாத்தாலும் விடக்கூடாதுன்னு அங்க பேச்சு. வெள்ளை வெச்சிருக்கற டாக்ஸிக்காரங்க எல்லாரும் வண்டியை வீட்டுல போட்டுட்டாங்க."

நகரத்துக்குப் போக அந்தப் பாலத்தை விட்டால் வழியில்லை. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குத் தாய்னாரா அதன் மேல் இருக்க வேண்டும்.

"பெயிண்ட் அடிச்சிடலாம்," என்றான் வால்டெமீர். "கறுப்பு. இல்லன்னா எரிச்சே போடலாம். நான் வேற எடுத்துட்டு வர்றேன், நம்ம டாக்ஸிக்காரன் ஒருத்தன்கிட்ட ஒரு நீலம் இருக்கு. கொஞ்சம் பெரிசு, பரவாயில்ல."

பெரிசாக இருந்தால் பரவாயில்லை என்று சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டோம் என்று லுசினெய்டிக்கு அழுகை வந்தது. தலையை ஆட்டினாள். நீலம் போதும். எதுவானாலும் போதும், வெள்ளை வேண்டாம்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

கிளெய்ட்சன் தனியாகத்தான் வந்தான். குளித்திருந்தான், தலை ஈரமாக இருந்தது, வாசனை சோப்பு மணத்தது. ஹெல்மெட்டையும் துடைத்துத்தான் கொண்டுவந்திருந்தான். லுசினெய்டி கதவை முழுக்கத் திறக்காமல் நின்று அதை வாங்கினாள். உள்பஞ்சு கதகதப்பாக இருந்தது.

"ரொம்ப நன்றி அத்தை. ஒரு இடத்துல குத்தணுமே! போட்டிருக்கறதே தெரியல."

"சரிப்பா."

"இன்னிக்குச் சுவர்கிட்ட நடந்தது எனக்கு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. பசங்ககிட்ட சொல்லிட்டேன். வெள்ளை ஹெல்மெட் வந்தா யாரும் தடுக்க மாட்டாங்க. தாய்னாரா இனிமே கழட்ட வேணாம். பட்டையைக் கட்டினபடியே வீட்டு வாசல்வரைக்கும் வரட்டும்."

மூன்று வருடமாக எந்த வரத்தைக் கேட்டு லுசினெய்டி மெழுகுவர்த்தி ஏற்றினாளோ, அதே வரம். எரிவால்டுக்கு யாராவது இதைக் கொடுத்திருந்தால் அவன் இப்போது உள்ளே காபி குடித்துக்கொண்டிருப்பான்.

"இல்லப்பா... அவளுக்கு அது கொஞ்சம் இறுக்கமா இருக்காம். கடையில மாத்திட்டு, நீலம் ஏதாவது..."

"மாத்தாதீங்க அத்தை." இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "பெயிண்ட் கியிண்ட் எதுவும் அடிச்சிடாதீங்க. திங்கக்கிழமை காலையில அவ வெள்ளையைத்தான் போட்டுக்கிட்டுப் போகணும். பாலத்துல தெரியணும்."

"என்ன தெரியணும்?"

"அந்த ஹெல்மெட் யாரோடதுன்னு." அவன் வண்டியை உதைத்துக் கிளப்பினான். "தினமும் ஒரு நர்ஸ் பொண்ணு போட்டுக்கிட்டுப் போறதைப் பாத்தா, என்னை எவன் தேடப்போறான்? நம்ம பேட்டைப் பொண்ணு, இந்தச் சின்ன உதவியைச் செய்ய மாட்டாளா?"

அவன் வண்டி தெருமுனை திரும்புகிறவரை லுசினெய்டி வாசலிலேயே நின்றாள். திரும்பிப் பார்த்தால் தாய்னாரா அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நான் வேலைக்கே போகலன்னா என்னம்மா ஆகும்?"

"போகலன்னா ஏன் போகலன்னு கேக்க வருவான்."

தாய்னாரா கையை நீட்டினாள். லுசினெய்டி ஹெல்மெட்டைக் கொடுக்கவில்லை, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.